கூரையிலிருந்து தொடங்கும் வேலை

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டால், வாசற்கதவின் செதுக்கு வேலையையோ முற்றத்துத் தூண்களையோ நான் முதலில் பார்ப்பதில்லை. மொட்டைமாடிக்கு வழி கேட்பேன். தண்ணீர் இறங்கும் துவாரம் அடைபட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் அடியில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா, தளம் எங்கேயாவது பள்ளம் வாங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். வீட்டுக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம். அவர்கள் காட்ட நினைப்பது தாத்தா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடியை. அந்தக் கண்ணாடி இன்னும் இருபது வருஷம் அதே சுவரில் தொங்குமா என்பதை மேலே இருக்கும் அந்தத் துவாரம்தான் தீர்மானிக்கிறது.

எங்கள் ஊர்ப் பழைய மாடி வீடுகளில் பெரும்பாலானவை மெட்ராஸ் டெரஸ் போட்டவை. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சிறிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாக, வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். கட்டை தளத்தில் பதியாமல் எகிறி வந்தால்தான் தட்டியது போதும். பிறகு தட்டோடு, அதன்மேல் பூச்சு. கம்பி கிடையாது, சிமெண்டு கிடையாது. நூறு ஆண்டு, நூற்றைம்பது ஆண்டு என்று நிற்கிறது. தேங்கும் தண்ணீர் ஒன்றுதான் அதற்குப் பகை. கட்டையின் இரண்டு முனைகளும் சுவருக்குள் புதைந்திருக்கின்றன. காற்றுப் படாத அந்த ஒரு சாணில் ஈரம் தங்கி மரம் மக்குகிறது. அறைக்குள் நின்று பார்த்தால் கட்டை கெட்டியாகத்தான் தெரியும். முனையைத் தோண்டிப் பார்த்தால் விரலோடு பிய்ந்து வரும்.

பாலிடெக்னிக்கில் கட்டடப் படம் வரையக் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். என்னுடன் படித்தவர்கள் புது வீடுகளுக்குப் பிளான் போடப் போனார்கள். நான் ஏற்கெனவே கட்டி முடிந்த வீடுகளை அளக்கப் போனேன். வீட்டில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. "கட்டி நூறு வருஷம் ஆன வீட்டுக்கு எதுக்குடா இப்ப பிளான்?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இத்தனை காலமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க இந்திய அளவில் ஓர் அமைப்பு வேண்டும் என்று 1984 ஜனவரியில் டெல்லியில் தொடங்கப்பட்டது இன்டாக். இந்திய தேசியக் கலை பண்பாட்டுப் பாரம்பரிய அறக்கட்டளை என்பது அதன் முழுப்பெயர். அதன் புதுச்சேரிக் கிளையும் அந்த ஆண்டிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. ஆரோவில்லில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் அஜித் கௌஜலகி போன்ற சிலர் சேர்ந்து நடத்திய சின்னக் கிளைதான். பின்னாளில் அரவிந்தர் வீதியில் ஒரு பழைய தமிழ் வீட்டைச் செப்பனிட்டு அதையே அலுவலகமாக வைத்துக்கொண்டார்கள். யாராவது "பழைய வீட்டில் இந்தக் காலத்தில் எப்படி இருப்பது?" என்று கேட்டு வந்தால் பேச்சே தேவைப்படாது. உள்ளே அழைத்து முற்றத்து ஓரத்தில் உட்காரவைத்தால் போதும். சித்திரை மாத வெயிலிலும் அங்கே காற்று ஓடும்.

அவர்கள் கையில் எடுத்துக்கொண்ட ஊர் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1674இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மார்த்தேன் வந்து நிலைகொண்ட இடம். 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்து, 1699இல் திருப்பிக் கொடுப்பதற்கு முன் தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்துப் படம் போட்டுவிட்டார்கள். இன்று நாம் நேர் நேராக நடக்கும் வீதிகளின் மூலம் அதுதான். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்ததும், ஆளுநர் ழான் லாவின் காலத்தில், அதே தெருக்கோட்டில் ஊர் மறுபடி எழுந்தது. ஆகவே நம் ஊரில் நிற்கும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த இடிப்புக்குப் பின் வந்தவை. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அதற்கு முந்தியது. நின்ற சிலவற்றில் ஒன்று. ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய மனிதரின் வீடு. கீழ்த்தளத்தில் தமிழ் மரத்தூண்கள், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்கள். இந்த ஊரின் கட்டடங்கள் பிறகு இருநூறு ஆண்டு பேசப்போகும் பேச்சை அந்த ஒரு வீடே தொடங்கிவைத்துவிட்டது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி: உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், வளைவு ஜன்னல்கள். மேற்கே தமிழர் பகுதி: இந்துக்கள் தெரு, கிறித்தவர் தெரு, தெற்கே முஸ்லிம்கள் தெரு. இங்கே வீடு தெருவுக்கு முதுகு காட்டாது. முதலில் தெருவோரமாக மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அது வழிப்போக்கருக்கு. அதற்கு உள்ளே திண்ணை. அது விருந்தாளிக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும். பிறகு கதவு, நடை, முற்றம். மாடி எடுத்தவர்கள் பலர் கீழே தமிழ் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே பிரெஞ்சு வளைவுகளும் சாந்தில் இழைத்த அலங்காரப் பட்டைகளும் வைத்தார்கள். இப்படி ஒரு கலப்பு வேறெங்கும் இவ்வளவு அடர்த்தியாகக் கிடையாது. ஊருக்கு வருகிறவர்கள் படமெடுப்பதெல்லாம் கிழக்கே இருக்கும் மஞ்சள் சுவர்களை. எனக்கு எப்போதும் மேற்குப் பக்கம்தான் இந்த ஊரின் பெரிய சொத்தாகப் படுகிறது. ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

நான் இன்டாக்கில் சேர்ந்தபோது நடந்துகொண்டிருந்தது பட்டியல் எடுக்கும் வேலை. டேப், நோட்டு, கேமரா. ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு வாசலாக. எந்தக் காலத்துக் கட்டடம், எத்தனை தளம், தாழ்வாரம் இருக்கிறதா, தூண் மரமா சாந்துப் பூச்சா, கதவு பழையதா, கூரை நாட்டு ஓடா மங்களூர் ஓடா, யார் குடியிருக்கிறார்கள், நிலைமை என்ன என்று எழுத வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. கதவைத் தட்டியதும் வரும் முதல் கேள்வி, "சர்வேயா? ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?" அந்தப் பயத்தைப் போக்கவே அரை மணி நேரம் ஆகும். வரி ஏற்றுவார்களோ, வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அடுத்த பயம். பயம் தெளிந்துவிட்டால் அதே வீட்டில் காப்பி வரும், அலமாரியிலிருந்து பழைய போட்டோ வரும், "அந்தத் தூணு பர்மாவிலேருந்து கப்பல்ல வந்ததுப்பா" என்று ஆயா கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். அந்தக் கதைகளையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். சுவரின் அளவு மறுபடி எடுக்கலாம். ஆயாவிடம் மறுபடி கேட்க முடியாது.

பூட்டிய வீடுகள்தான் மனத்தைக் கஷ்டப்படுத்தின. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களை நாங்கள் சொல்தா என்போம். பிள்ளைகள் பாரீஸ் பக்கம் குடியேறிவிட்டார்கள். வீட்டின் மீது ஏழெட்டுப் பேருக்கு உரிமை, ஆளுக்கு ஓர் ஊரில். ஓடு மாற்ற ஒருவர் ஒப்புக்கொண்டால் இன்னொருவர் பணம் தரமாட்டார். விற்கவும் முடியாமல், செப்பனிடவும் முடியாமல், பத்து மழைக்காலம் கடந்துவிடும். பாகப் பிரச்சினை தீரும் நாளில் வீடு மிஞ்சியிருக்காது. மனை மட்டும்தான் மிஞ்சும். பட்டியலில் நாங்கள் எழுதிவைத்த வீடுகளில் பல இப்படிப் போயிருக்கின்றன. சில வீடுகளுக்கு இன்று எங்கள் படமும் அளவும்தான் சாட்சி.

பட்டியல் தயாரானதும் ஊர் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பட்டியலுக்குச் சட்ட வலு பல காலம் கிடையாது. மும்பையில் 1995இலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று விதிகள் வந்துவிட்டன. இடிக்க முடியாத உரிமையாளர் தன் மனையில் கட்ட உரிமையுள்ள பரப்பை வேறு இடத்துக்கு மாற்றி விற்றுக்கொள்ளவும் அங்கே வழி செய்தார்கள். நம் பக்கத்தில் உரிமையாளரிடம் "இடிக்காதீர்கள்" என்று சொல்ல எங்களிடம் இருந்தது வாய் மட்டும்தான். கோடி ரூபாய் மனையின் மேல் நிற்கும் ஒருவரிடம் வெறும் வாயால் பேசுவது நியாயமில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றும். ஊருக்கே பெருமை தரும் வீட்டின் செலவை ஒரு குடும்பம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

இதற்குக் கிடைத்த நல்ல பதில் வைசியாள் வீதி. கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்பது பெயர்ப்பலகையில் உள்ளது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டம் நம் ஊருக்கு வந்தது. புதுச்சேரியோடு கைகோத்த ஊர்கள் இத்தாலியின் உர்பீனோவும் பிரான்சின் வில்நவ்-சுர்-லோவும். பாரம்பரியத்தைக் காப்பதன் வழியாகவே ஊரின் பொருளாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் மேம்படுத்த முடியுமா என்று செய்துபார்ப்பது நோக்கம். அதில் ஒரு பகுதியாக மிஷன் வீதிக்கும் மகாத்மா காந்தி வீதிக்கும் இடைப்பட்ட துண்டில், ஏறத்தாழ இருபது வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தோம். ஒற்றை மாளிகையை எடுத்துப் பளபளப்பாக்குவது எளிது. தெரு முழுவதையும் எடுப்பது வேறு வேலை. பழைய தமிழ் வீட்டுக்குப் பக்கத்தில் எழுபதுகளில் கட்டிய தட்டைக் கான்கிரீட் வீடு நிற்கும். அதற்கும் தாழ்வாரம் வேண்டும். இல்லாவிட்டால் வரிசை அறுந்துவிடும்.

தாழ்வாரம் என்பது தெருவில் நிற்பது. சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு என்று ஒரு வாதம், கார் நிறுத்த இடமில்லை என்று இன்னொரு வாதம். அதனால்தான் பல வீடுகளில் அது முன்பே வெட்டி எறியப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் சுவரில் கட்டை செருகியிருந்த குழிகள் மட்டும் வரிசையாக இருக்கும். அந்தக் குழிகளை அளந்துதான் பழைய உயரத்தையும் சரிவையும் கண்டுபிடித்தோம். சில வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். ஒருவர் தினமும் வந்து நின்று பார்ப்பார், ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அடுத்த வீட்டில் தூண் நட்டு, ஓடு போட்டதும், மாலை நேரத்தில் அந்த வீட்டுக் கிழவரும் இரண்டு நண்பர்களும் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் அவரே கேட்டார்: "நம்ம வீட்டுக்கு எப்ப, தம்பி?" நாங்கள் காட்டிய வரைபடங்களெல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த மூன்று பேர் செய்துவிட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, திட்டப் பணம் தீர்ந்த பிறகும் பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆட்கள் வந்து "எங்க வீட்டையும் பாருங்க" என்று கேட்டது.

இனி சுண்ணாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது.

நான் சேர்ந்த காலத்தில் புதுச்சேரியில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சிமெண்டு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. தெரிந்தவர்கள் வயதாகி வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆட்டோ ஓட்டினார்கள், கம்பெனிக்குப் போனார்கள். சுற்றுக் கிராமங்களில் கோயில் திருப்பணி செய்தவர்கள் சிலர் இருந்தார்கள். அப்படிக் கிடைத்த ஒரு மேஸ்திரிதான் எனக்கு உண்மையான வாத்தியார். படித்த பையன் என்று என்னை உட்காரவைத்து விளக்கமாட்டார். குழியருகே நிற்கச் சொல்வார். சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் பொங்கி வெண்ணெய் போலக் குழையும். அதை உடனே எடுக்கவிடமாட்டார். தண்ணீர் மூடியபடி வாரக் கணக்கில் கிடக்க வேண்டும். மாதக் கணக்கில் கிடந்தால் இன்னும் நல்லது. நீறாத துகள் ஒன்று சாந்துக்குள் போய்விட்டால், பூசிய பிறகு சுவரில் இருந்தபடியே நீறி, பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

பிறகு மணலோடு சேர்த்து அரைப்பது. முன்பு வட்டக் குழியில் கல் உருளையை மாடு சுற்றி இழுக்கும். இப்போது மோட்டார் வைத்த அரவை இயந்திரம். எதில் அரைத்தாலும் சோதனை ஒன்றுதான். மேஸ்திரி ஒரு கரண்டி சாந்தை அள்ளி அப்படியே கவிழ்ப்பார். "விழக்கூடாது தம்பி. விழுந்தா இன்னும் அரை." தரையிலிருந்து ஈரம் ஏறும் இடங்களில் மணலோடு செங்கல் தூளும் சேரும். கடுக்காயையும் வெல்லத்தையும் தனிப் பானையில் நாள்கணக்கில் ஊறவிட்டுப் புளிக்கவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றுவது தளத்துக்கும் பூச்சுக்கும். தூண்களுக்கும் கூடத்துச் சுவருக்கும் கடைசிப் பூச்சு தனி. கிளிஞ்சல் சுண்ணாம்பை மாவாக அரைத்து, துணியில் சலித்து, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து மெல்லிய படலமாக இழுத்து, கை பொறுக்கும்வரை கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். முகம் தெரியும் அளவுக்கு வழுவழுப்பு வரும். தேய்க்கத் தொடங்கிவிட்டால் சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தக் கூடாது, பாதியில் விட்டால் கோடு விழும்.

சிமெண்டுக்காரர்கள் கேட்பார்கள்: ஒரே நாளில் இறுகுவதை விட்டுவிட்டு இது எதற்கு? சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, மெதுவாக. அதனால் நேரம் எடுக்கிறது. அந்த நேரத்துக்குக் கிடைக்கும் பலன், ஈரத்தை வெளியே விடும் சுவர். நம் ஊர் கடலோர ஊர். தரையில் உப்பு, காற்றில் உப்பு. பழைய செங்கல் சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். உப்புப் பூத்தால் அந்த இடத்துப் பூச்சை மட்டும் சுரண்டிப் புதிதாகப் பூசலாம். அதே சுவரின் அடியில் மூன்று அடி உயரத்துக்குச் சிமெண்டு பூசினால் என்ன ஆகிறது? வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, ஐந்தடியில் உப்பாகப் பூக்கிறது. வீட்டுக்காரர் ஐந்தடிக்குச் சிமெண்டு பூசுவார். பிறகு டைல்ஸ் ஒட்டுவார். ஈரம் உத்திரத்தின் முனை வரைக்கும் போய்ச் சேரும். நான் பார்த்த நோய்பிடித்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்த வைத்தியத்தால் கெட்டவை. மாடியிலும் அதே கதை. ஒழுகுகிறது என்று பழைய தளத்தின் மேல் சிமெண்டுத் தோல் போடுவார்கள். அது வெயிலில் விரிந்து மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கும் தண்ணீர் உலர வழியே இல்லை.

எங்கள் அமைப்பு செய்த வேலைகளிலேயே எது பெரியது என்று கேட்டால், எந்தக் கட்டடத்தையும் நான் சொல்லமாட்டேன். தொடர்ந்து சுண்ணாம்பு வேலை கொடுத்து அந்தக் கைகளைத் தொழிலில் நிறுத்தி வைத்ததைத்தான் சொல்வேன். மேஸ்திரியின் கீழ் மண் சுமந்த பையன்களில் சிலர் இன்று தாங்களே மேஸ்திரிகள். ஒரு சித்தாள் அம்மா தளம் தட்டும் குழுவையே நடத்தினார். கூலியும் சிமெண்டு வேலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது என்றான பிறகுதான் இளைஞர்கள் வந்தார்கள். கலைமேல் இருக்கும் பாசத்தால் யாரும் தொழிலில் நிற்பதில்லை. வேலை இருந்தால் நிற்பார்கள்.

அந்த வேலையை நிறையக் கொடுத்தவை ஓட்டல்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோமன் ரோலண்ட் வீதியில் கல்வித் துறை அலுவலகமாக இருந்த பழைய மாளிகை நீம்ரானா நிறுவனத்தின் ஓட்டல் தெ லோரியான் ஆனது. பெருமாள் கோயில் வீதியில் ஒரு தமிழ் வீடு மெசோன் பெருமாள் ஆனது. அவற்றைப் பார்த்துத்தான், இடிப்பதைவிட வைத்திருந்தால் வருமானம் என்று பல உரிமையாளர்கள் கணக்குப் போடத் தொடங்கினார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் ஒரு தெருவில் எல்லா வீடும் விடுதியாகிவிட்டால் அங்கே கோலம் போட ஆளிருக்காது, திண்ணையில் உட்கார்ந்து பேச அண்டை வீட்டுக்காரர் இருக்கமாட்டார். அறையின் வாடகை ஏற ஏற, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு வெளியேறும் ஆசையும் ஏறுகிறது. அடுப்பெரியும் வீட்டைத்தான் நான் முழுதாகக் காப்பாற்றப்பட்ட வீடு என்பேன். அதற்கான உதவி இன்னும் போதவில்லை.

2014 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் மேரி கட்டடம் விழுந்தது. கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தபடி, 1870களின் தொடக்கத்திலிருந்து நின்ற நகராட்சிக் கட்டடம். பிரெஞ்சில் நகராட்சி மன்றத்துக்குரிய பெயரையே ஊர் மேரி என்று வைத்துக்கொண்டது. எத்தனையோ தம்பதிகள் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் கல்யாணத்தைப் பதிந்தார்கள். பல காலமாகப் பழுதுபட்டுக் கிடந்தது. செப்பனிட வேண்டும் என்ற பேச்சும் பல காலமாக நடந்துகொண்டிருந்தது. பேச்சு நடக்கும்போதெல்லாம் மழையும் பெய்துகொண்டிருந்தது. செய்தி கேட்டு ஓடியபோது கடற்கரையில் கூட்டம் நின்றது. வயதானவர்கள் அழுதார்கள். இடிபாட்டில் உத்திரக்கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பழக்கம், நான் முனைகளைத்தான் பார்த்தேன்.

உலக வங்கி உதவியுடன் அதே உருவத்தில் மறுபடி கட்டி, 2021இல் திறந்தார்கள். இன்று அந்தப் பக்கம் நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது புதுக் கட்டடம் என்றே தெரியாது. கடற்கரையின் முகம் திரும்பக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பழைய அளவுகளும் படங்களும் இருந்ததால்தான் அப்படிக் கட்ட முடிந்தது என்பதும் உண்மை; என் அப்பா கேட்ட கேள்விக்கு ஊர் அறியக் கிடைத்த பதில் அது. ஆனால் பழைய கட்டடத்தைச் செப்பனிட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு, மறுபடி கட்டிய செலவில் ஒரு சிறு பங்குதான். தட்டித் தட்டி இறுக்கிய அந்தத் தளத்தையும், அதைச் செய்த கைகளின் தடத்தையும் எந்த நிதியும் திருப்பித் தராது. மேரி விழுந்த பிறகுதான் ஊரில் பலர் இந்தக் கட்டடங்களைப் பற்றிக் கவலையோடு பேசத் தொடங்கினார்கள். பொதுமக்கள் நடந்து பார்க்கும் உலாக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகள் வருவதற்கும் பிறகு குறைவில்லை. அந்தப் பிள்ளைகளை நான் முதலில் கூட்டிப்போவது மாடிக்கு.

பழைய வீடு வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்களிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் மாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். தண்ணீர்த் துவாரத்தில் இலைச் சருகு இருந்தால் எடுங்கள். அரசங்கன்றோ ஆலங்கன்றோ இருந்தால் இளசாக இருக்கும்போதே வேரோடு அகற்றிச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்; மேலே மட்டும் வெட்டினால் வேர் சுவருக்குள் தடிக்கும். நகர்ந்த ஓட்டைச் சரியாக அடுக்கிவையுங்கள். இவ்வளவுக்கும் ஓர் ஆள் ஒருநாள் கூலிதான். சுவரில் உப்புப் பூத்தால் சிமெண்டு மூட்டையை வாங்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். ஊரில் இப்போது அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வீடு வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளின் பொதுச் சொத்து என்றால், பாகம் பிரிவது பிற்பாடு நடக்கட்டும், கூரைக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள்.

வேறு வழியில்லாமல் வீட்டை விற்கத்தான் வேண்டும், இடிக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டாலும் யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. கதவும் தூணும் வியாபாரியின் வண்டியில் ஏறுவதற்கு முன் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். வந்து அளந்து, படம் எடுத்து, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறோம்.